வரலாறு காணாத மழை

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் நம் தொலைக்காட்சிகளில் தவறாமல் வந்துவிடும் சொற்றொடர் ஒன்று உண்டு. ‘வரலாறு காணாத மழை.’ போன வருடமும் வரலாறு காணவில்லை, அதற்கு முந்தைய வருடமும் காணவில்லை. நம் வரலாற்றைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நண்பர்களிடம் கிண்டலாகச் சொல்வதுண்டு. கிண்டலைத் தள்ளி வைத்துவிட்டு அந்தச் சொற்றொடர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. வரலாறே காணாத ஒன்றுக்கு யார் தயாராக இருந்திருக்க முடியும்? யாராலும் முடியாது. ஆகவே யாரையும் கேள்வி கேட்க முடியாது. மழையின் அளவைச் சொல்வதுபோலத் தொடங்கும் வாக்கியம், முடியும்போது எல்லோருக்குமான விடுதலைப் பத்திரமாகிவிடுகிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன், வானிலை நிபுணன் இல்லை. ஆனால் ஒரு கேள்வி சில வருடங்களாக விடாமல் கூடவே வருகிறது. ஒரு புயலில் ஒருவர் சாகிறார் என்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? முன்பு இதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. அந்த மூன்றாவது பதில் உண்மையானது. அதனாலேயே அது ஆபத்தானதும்கூட என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், வரலாறு உண்மையில் என்ன கண்டது? வங்காள விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். ‘சைக்ளோன்’ என்ற சொல்லே இந்தக் கடலோரத்தில் உருவானதுதான். ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், கப்பல் வாழ்க்கையை விட்டுவிட்டுக் கல்கத்தாவில் தங்கியவர். புயலில் மாட்டித் திரும்பிய கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேகரித்து, எந்தக் கப்பலுக்கு எந்த மணிக்கு எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்று ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். மேலிருந்து பார்க்க சாட்டிலைட் இல்லாத காலத்தில், ஒரு மனிதன் காகிதத்தின் வழியாகப் புயலை மேலிருந்து பார்த்த விதம் அது. டேட்டா சயின்ஸ் என்ற பெயர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு செய்யப்பட்ட அழகான டேட்டா சயின்ஸ் என்று எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தச் சுழல் காற்றுக்குப் பெயர் வைத்தார். மாலுமிகளுக்காக 1848-இல் அவர் வெளியிட்ட கையேட்டின் மூலம் அந்தப் பெயர் உலகம் முழுக்கப் போய்விட்டது.

அந்த பிடிங்டன் 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹூக்ளி ஆற்றில் மண் சேர்கிறது, கல்கத்தாத் துறைமுகம் பயனில்லாமல் போய்விடும் என்ற பயத்தில், சுந்தரவனத்து மட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டும் திட்டம் அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடம் வேண்டாம், என்றாவது ஒருநாள் புயலோடு சேர்ந்து கடல் எழும்பி வந்து ஊரை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதுதான் கடிதத்தின் சாரம். திட்டம் நிற்கவில்லை. கானிங் துறைமுகம் என்று பெயரிட்டு, ரயில் பாதையெல்லாம் போட்டுக் கட்டினார்கள். 1867 நவம்பரில் புயல் வந்தது, கூடவே கடலும் வந்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது. பிடிங்டன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1858-லேயே இறந்துவிட்டார். அமிதவ் கோஷ் தன் நாவலில் இந்தக் கதையைச் சொல்லியிருப்பதால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான். அந்தப் புயலை ‘வரலாறு’ அதுவரை கண்டதில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. புயல் வருவதற்கு 14 வருடங்கள் முன்பே கடிதம் வந்து சேர்ந்திருந்தது.

கல்கத்தாவே 1864 அக்டோபரில் ஒரு பெரும்புயலில் அடிவாங்கியது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-இல் தொடங்கப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் அந்தப் புயலும் ஒன்று. ஆக, நம் வானிலைத் துறையே ஒரு புயலின் பிள்ளை.

பிறகு வந்தவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. 1964 டிசம்பரில் ஒரு பயணி ரயிலோடு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது நமக்குத் தெரியும். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் போலா புயல் அடித்தது. 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். மதிப்பீட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மட்டும் 2 லட்சம் பேர். செத்தவர்களை எண்ணக்கூட ஆள் இல்லாமல் போயிருக்கிறது. மேற்கே இருந்த அரசு அந்தச் சாவைக் கையாண்ட விதத்தின்மேல் இருந்த கோபம் அடுத்த மாதத் தேர்தலில் வெளிப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் வங்கதேசம் பிறந்தது. புயலுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் உண்டு என்று ஒரு மக்கள்கூட்டமே முடிவுசெய்த தருணமாக அதைப் பார்க்கலாம்.

அவர்கள் முடிவு சரிதான் என்று பின்னால் வந்த எண்கள் சொல்கின்றன. வங்கதேசம் 1972-இல் புயல் தயார்நிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கிராமம் கிராமமாகத் தன்னார்வலர்களைச் சேர்த்தது. பாதுகாப்பு மையங்கள் கட்டியது. 1991-லும் லட்சத்துக்கு மேல் செத்தார்கள், உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் 2007-இல் சிட்ர் என்ற மிகக் கடுமையான புயல் வந்தபோது இறந்தவர்கள் ஏறத்தாழ 3,400. ஒடிசாவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1999 சூப்பர் புயலில் ஏறக்குறைய 10,000 பேர். அதற்குப் பிறகு பேரிடர் மேலாண்மைக்கென்று தனி ஆணையம், கடற்கரை நெடுகப் புகலிடங்கள், ஒத்திகைகள். 2013-இல் ஃபைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவிலிருக்கும் வித்தியாசத்தை மனிதர்கள் செய்தார்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. 1755-இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தபோது வால்டேர் கடவுளை நோக்கிக் கோபமாக ஒரு கவிதை எழுதினார். அடுத்த வருடம் ரூசோ அவருக்குக் கடிதம் போட்டார். அத்தனை ஆயிரம் அடுக்குமாடி வீடுகளை ஒரே இடத்தில் கட்டச் சொன்னது இயற்கையா என்று அதில் கேட்டார். சாமானை எடுக்க வீட்டுக்குள் திரும்பிப் போய்ச் செத்தவர்களையும் நினைவூட்டினார். கொஞ்சம் இரக்கமில்லாத கடிதம். ஆனால் கோடு எங்கே போட வேண்டும் என்று காட்டியது. இயற்கை குலுக்கும், சாவு நம் ஏற்பாடு. விதி என்பது முதல் பதில் என்றால், ‘புயல் இயற்கையுடையது, மரணம் நிர்வாகத்துடையது’ என்பது இரண்டாவது. இருநூற்றைம்பது வருடம் இந்தக் கோடு ஓரளவு நன்றாகவே வேலை செய்தது.

இப்போது அந்தக் கோடு அழிந்துகொண்டிருக்கிறது. புயலே முழுக்க இயற்கையுடையதாக இல்லை.

இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று கவனமாகப் பேச வேண்டும். கடல் சூடாகிவிட்டது என்பது உறுதி. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1951-லிருந்து 2015-க்குள் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7% கூடுதல் நீராவியைத் தாங்கும். இது இயற்பியல், கருத்துக் கணிப்பு இல்லை. ஆகவே புயல் வரும்போது கொட்டும் மழை கூடுகிறது. உலக அளவில் பலமான புயல்களின் விகிதமும், ஒரே நாளில் திடீரென்று வலுக்கும் புயல்களும் கடந்த 40 ஆண்டுகளில் கூடியிருக்கக் கூடும் என்று ஐ.பி.சி.சி. அறிக்கை சொல்கிறது. மறுபக்கம், புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடப்போவதாக அதே அறிக்கை சொல்லவில்லை. குறையலாம், அல்லது அப்படியே இருக்கலாம் என்கிறது. பழைய கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. 1960-களுக்கு முன் சாட்டிலைட் கிடையாது. நடுக்கடலில் பிறந்து நடுக்கடலிலேயே செத்த புயலை, வழியில் கப்பல் எதுவும் மாட்டாவிட்டால், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வரலாறு காணாத புயல்கள் என்று உண்மையிலேயே சிலவற்றைச் சொல்லலாம் என்றால் அவைதாம்.

2003 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மைல்ஸ் ஆலன் என்ற இயற்பியலாளர் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே தேம்ஸ் ஆற்று வெள்ளம் அவர் வீட்டுச் சமையலறைக் கதவிலிருந்து ஓரடி தூரத்தில் நிற்கிறது. என் வீட்டில் தண்ணீர் புகுந்தால் நான் யார்மேல் வழக்குப் போடலாம் என்று அவர் கேட்டார். விளையாட்டுக் கேள்விபோலத் தெரியும். ஆனால் பதிலுக்கான வழியையும் சொன்னார். வெப்பமாகாத உலகத்தைக் கணினியில் உருவாக்கி, அங்கே இப்படிப்பட்ட வெள்ளம் வரும் வாய்ப்பு எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். வாய்ப்பு கூடிய அளவு மனிதர்களின் பங்கு. இன்று இது ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. பெரும்புயல் ஒன்று ஓய்ந்த சில நாட்களிலேயே ‘இத்தனை மடங்கு வாய்ப்பு கூடியிருந்தது’ என்று அறிக்கை வருகிறது.

பங்கு என்று வந்துவிட்டால் பிரிக்கலாம் அல்லவா? பிரித்துவிட்டார் ஒருவர். பெருவில் ஆண்டீஸ் மலையடிவாரத்து ஹுவாராஸ் ஊர்க்காரர், சாவுல் லூசியானோ லியூயா. பனிமலை உருகி, மேலே இருக்கும் ஏரி நிரம்பி, தன் வீடு மூழ்கும் அபாயம் இருக்கிறது என்று 2015-இல் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். தொழிற்புரட்சிக்குப் பின் உலகம் வெளியேற்றிய கரியமிலவாயுவில் அந்த நிறுவனத்தின் பங்கு 0.47% என்று ஒரு கணக்கு இருந்தது. வெள்ளத் தடுப்புச் செலவில் அந்த விகிதத்தைக் கொடுங்கள் என்றார். ஏறக்குறைய 17,000 யூரோ. அவர் வாழ்நாளில் அந்த நிறுவனத்தின் மின்சாரத்தில் ஒரு பல்பைக்கூட எரித்திருக்க மாட்டார். இந்த வழக்குக்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சென்னைக்கு வருவோம். 2015 டிசம்பர் 1. அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் எல்லாம் ‘காலநிலை மாற்றம்’ என்ற சொல் ஒலித்தது. மறு வருடம், டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியரும் இடம்பெற்றிருந்த ஒரு சர்வதேசக் குழு, மேலே சொன்ன அதே முறையில் அந்த ஒருநாள் மழையை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. புவி வெப்பமாதலின் தடம் அதில் தெளிவாகக் கிடைக்கவில்லை என்றது. காற்றிலிருக்கும் மாசுத் துகள்கள் அதை மறைத்திருக்கலாம் என்று ஒரு விளக்கமும் சொன்னது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதைப் பற்றி மத்தியத் தணிக்கைத் துறை பின்னால் எழுதிய அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்களால் உண்டான பேரிடர் என்றே குறிப்பிட்டது. ஒருபக்கம் அறிவியல் ‘தடம் தெரியவில்லை’ என்று நேர்மையாகச் சொல்கிறது, மறுபக்கம் தணிக்கை ‘ஆள் தெரிகிறது’ என்று சொல்கிறது. நடுவில் நாம் காலநிலை மாற்றம் என்று பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது பதில் உண்மை, ஆனால் ஆபத்து என்று நான் சொன்னது இதைத்தான். பழைய ‘விதி’ உட்கார்ந்திருந்த நாற்காலியில் ‘காலநிலை மாற்றம்’ போய் உட்கார்ந்துகொள்கிறது. விதியைப்போலவே அதற்கும் முகவரி கிடையாது. அதோடு, விதிக்கு இல்லாத அறிவியல் மரியாதை வேறு.

பேராவூரணிப் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா அதைப் படுக்க வைத்துவிட்டது. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல், டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தென்னையைத் தோப்பு வைத்திருப்பவர்கள் மரம் என்றா நினைக்கிறார்கள்? ‘தென்னம்பிள்ளை’ என்றுதான் சொல்வார்கள். நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம். அறுபத்தெட்டு வயதில் ஒருவர் மறுபடி பிள்ளை வைப்பது என்றால் என்ன கணக்குப் போட்டு வைப்பார்?

நான் ஊருக்குப் போனது பத்து நாள் கழித்து. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

“ஏண்டா தம்பி, அம்பத்திரெண்டு பொயலு எங்கய்யா பாத்தாரு. எழுவத்தேழு பொயலு நானே பாத்தேன். இதுக்கு மட்டும் என்னமோ வெளிநாட்டுக்காரன் கார் ஓட்டுறதுதான் காரணம்ங்கிறாய்ங்க டிவியில. நெசமா?”

ஓரளவு நிஜம் என்றேன். கடல் சூடு, நீராவி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி, எத்தன மரம் அவன் கணக்கு, எத்தன மரம் சாமி கணக்கு?”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கணக்குக் கேட்டார். மைல்ஸ் ஆலன் கேட்டதும் இதேதான். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதைவிட, கேள்வியின் வடிவம் என்னை உறுத்தியது. பங்குபோட்டுப் பார்த்தால் ஏதோ கைநழுவிப் போகிறது.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பண்டிகைக்கால விற்பனை இரவில் ஒரு நிறுவனத்தின் சர்வர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட நான்கு மடங்கு கூட்டம் வந்தது. மாற்று சர்வரின் டிஸ்க் நிரம்பி இரண்டு மாதம் ஆகிறது. எச்சரிக்கை மெயில் யாரும் திறக்காத ஃபோல்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் மீட்டிங்கில் ‘ரூட் காஸ் என்ன?’ என்று ஒரு மேனேஜர் கேட்பார், ஏதோ அடிவேர் ஒன்றே ஒன்று இருப்பதுபோல. மூன்றில் எந்த ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் சர்வர் விழுந்திருக்காது. அப்படியென்றால் ஒவ்வொன்றும் முழுக் காரணம். கூட்டத்துக்கு 40%, டிஸ்க்குக்கு 35% என்று பிரிப்பதில் அர்த்தமே இல்லை. கூட்டம் அதிகமாக வந்ததைப் பெரிதாகக் காட்டக்காட்ட, டிஸ்க்கைப் பார்க்க வேண்டியவரின் பொறுப்பு ஒரு துளிகூடக் குறையாது. பண்டிகைக்குக் கூட்டம் வரும் என்று தெரிந்திருந்தால் அது கூடும்.

யாரையும் குறை சொல்லாமல் காரணத்தை மட்டும் ஆராயும் கூட்டங்களை எங்கள் துறையில் பெருமையாகச் சொல்வார்கள். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அது செல்லுபடியாவது, விழுந்தது சர்வர் என்பதால். விழுந்தது மனிதன் என்றால் அந்த நாகரிகம் எனக்குக் கூசுகிறது.

டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி 1984-இல் எழுதிய நூலில், ஒழுக்கக் கணக்கில் நாம் செய்யும் பிழைகள் என்று ஒரு பட்டியல் தந்தார். பலர் சேர்ந்து செய்ததை ஆளுக்கு இவ்வளவு என்று வகுப்பது அதில் முதல் பிழை. சிறு பங்கு என்றால் பொருட்படுத்த வேண்டாம் என்பது இன்னொன்று. அவர் சொல்லும் கற்பனையில் ஆயிரம் சித்திரவதைக்காரர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் ஆயிரம் பேரின் வலியைக் கூட்டுவார்கள், ஆனால் ஒருவர் கூட்டியதை யாராலும் உணர முடியாது, அவ்வளவு சின்ன அளவு. எல்லோரும் முடித்தபின் ஆயிரம் பேரும் துடிப்பார்கள். ஒருத்தராவது நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியுமா? 0.47% என்ற எண்ணை இதோடு வைத்துப் பாருங்கள். பெங்களூரில் ஏசி ஓடும் அலுவலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறவனுடைய எண்ணையும், அதற்கு எத்தனை பூஜ்யம் போட வேண்டுமோ போட்டு, வைத்துப் பார்க்கலாம்.

2017 ஒக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரிமாவட்ட ஊர்களின் மீனவர்கள் நாட்கணக்கில் கடலிலேயே தங்கி ஆழ்கடலில் தொழில் செய்பவர்கள். நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது 30-ஆம் தேதி காலையில் புயலாகிவிட்டது. கடலுக்குப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்கு வந்தது. ஏற்கெனவே போய்விட்டவர்களை எட்டும் கருவி படகில் இல்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. திடீரென்று வலுக்கும் புயல்கள் சூடான கடலில் கூடும் என்றால், அந்தச் செய்தியைக் கேட்டவுடன் படகில் கருவி வைக்க வேண்டியவர்களின் கடமை முன்னைவிடக் கனமாகிறது. பிடிங்டனின் கடிதம் போலத்தான் இதுவும். காலநிலை மாற்றம் என்பதை ஓர் அதிகாரி வாயிலிருந்து கேட்கும்போது, ‘அப்படியானால் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அதற்காக, எல்லாம் உள்ளூர் நிர்வாகத்தின் தவறு என்று சொல்லித் தூரத்து ஆட்களை விட்டுவிடவும் முடியாது. அவர்கள் இதை நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறார்கள். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் இழப்பையும் சேதத்தையும் பற்றி ஒரு பிரிவு உண்டு. அதை ஏற்ற தீர்மானத்தின் 51-ஆவது பத்தி, அந்தப் பிரிவை வைத்து யாரும் பொறுப்பையோ நஷ்டஈட்டையோ கோர முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. 2022-இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்புக்கான நிதி ஒன்றை உருவாக்க ஒப்புக்கொண்டார்கள். பணம் தருவோம், கடன் என்று சொல்ல மாட்டோம்.

தமிழில் இதற்குத் துல்லியமான இரண்டு சொற்கள் இருக்கின்றன. நிவாரணம், நஷ்டஈடு. நிவாரணம் கொடுப்பவரின் கை மேலே இருக்கும், வாங்குபவர் கும்பிட வேண்டியிருக்கும். நஷ்டஈடு என்றால் கொடுப்பவர் தலை குனிய வேண்டும். தொகை ஒன்றாகவே இருக்கலாம். கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைக்கு 1,100 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. பெரியப்பா வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார். தொகை போதாது என்று அவர் சொல்லவில்லை. “பொணத்த எடுக்கவும் சேத்துக் குடுத்துட்டாய்ங்க” என்று மட்டும் சொன்னார்.

காசைப் பிரிக்கப் பங்குக் கணக்கு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. நீதிமன்றம் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எதிரில் வந்து நின்று பதில் சொல்லும் கடமையைப் பிரிக்க முடியாது. 0.47% காரணமானவர் 0.47% மட்டும் வந்து நிற்க முடியாதே.

லியூயாவின் வழக்கில் 2025 மே மாதம் ஹாம் நகர உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் வீட்டுக்கு இருக்கும் அபாயம் போதுமான அளவுக்குப் பெரிதில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், இப்படிப்பட்ட பாதிப்புக்கு வாயுவை வெளியேற்றும் நிறுவனங்களைப் பொறுப்பாக்க முடியும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. பத்து வருடம் ஓடிய வழக்கு. இடையில் 2022-இல் ஜெர்மனியிலிருந்து நீதிபதிகளும் நிபுணர்களும் ஹுவாராஸுக்கே போய், ஏரியையும் அவர் வீட்டையும் நேரில் பார்த்தார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். புதிதாக வைத்த பிள்ளைகள் பாளைவிட ஆரம்பித்திருந்தன. மட்டையைத் தரித்துக்கொண்டே கேட்டார். தோற்றுவிட்டார் என்றதும் ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டார்.

“ஜட்ஜு, வீட்ட வந்து பாத்தாராமா?”

ஆமாம் பெரியப்பா, பார்த்தார்கள் என்றேன்.